மாடி முகப்பிற்குக் கொடித் திரை

சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி எழுந்துவிட்டபடியால், பால்கனி எனப்படும் மாடி முகப்பு துணி உலர்த்தும் இடமாக மட்டுமே நின்றுவிடுகிறது. எதிர்வீட்டுச் சன்னல் இருபதடி தூரத்தில் இருக்கையில், மாலையில் அங்கே நாற்காலியிட்டு உட்கார வீட்டார் கூசுவது இயல்பே. தட்டியோ கெட்டித் துணியோ கட்டினால் காற்று நின்றுபோவதோடு, 2016 டிசம்பரில் வீசிய வர்தா போன்ற புயலில் அது பாய்மரம்போல் காற்றை வாங்கிப் பிய்த்துக்கொள்ளும். கொடியோ காற்றை ஊடே விட்டுக் கண்ணை மட்டும் தடுக்கும்.

செடி வாங்குமுன், உட்காரும் இடத்தில் அமர்ந்து, யார் பார்வை எங்கிருந்து விழுகிறதென்று கவனித்தல் வேண்டும். எதிரிலுள்ள அதே மாடியிலிருந்தானால், கைப்பிடிச் சுவர் தொடங்கி ஐந்தடி உயரம்வரை இலையிருந்தால் போதும். மேல்மாடியிலிருந்தானால் பார்வை சரிந்து இறங்குமாதலின், ஐந்தடிக்கு மேலேதான் இலை வேண்டும். கீழ்ப்பாகத்தைக் காற்றுக்குத் திறந்து விடலாம். இதை யோசியாமல் வரிசையாகத் தொட்டிகளை அடுக்குவோர் பலர். அது வீண் செலவு மட்டுமன்று, அபாயமுமாகும். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். 30 லிட்டர் தொட்டியொன்று ஏறக்குறைய 50 கிலோ. சுவரினின்று வெளியே நீண்டு நிற்கும் தளத்திற்கு ஓரத்தில் வைக்கும் பாரமே மிகக் கடினம். ஆகையால் 20 லிட்டர் கொள்ளும் பைகள் இரண்டு மூன்றை வீட்டுச் சுவரையொட்டிய மூலைகளில் வைத்து, கொடியைக் கயிற்றின்மேல் முகப்பிற்கு நடத்துவதே உத்தமம். மண், மக்கிய எரு, மக்கிய தென்னைநார்க் கழிவு மூன்றையும் சமபாகமாகக் கலந்தால் பாரம் குறையும்.

வெயில் அரைநாளேனும் படுமிடத்திற்குச் சங்குப்பூவை முதலாகச் சொல்லலாம். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால், இரண்டு மாதத்திற்குள் படர்ந்து பூக்கத் தொடங்கும்; பயறுவகையைச் சேர்ந்ததாதலால் எருவும் அதிகம் கேளாது. காய்களை முற்றவிடாமல் கிள்ளி வந்தால் பூ நிற்காது. ஆடியில் ஊன்றிய அவரை, பனிக்காலத்தில் திரையும் கறியுமாக உதவும். அசுவினி கண்டால், லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலக்கித் தெளிக்கலாம்.

முல்லை நீடித்த திரையாகும். ஆனால் தோட்டக்காரர் தை மாதத்தில் செய்வதுபோல் அடியோடு கவாத்து செய்தால் சில வாரங்கள் வீடு வெளிப்பட்டு நிற்கும். ஆகவே பாதித் தண்டுகளை மட்டும் வெட்டி, மீதியை அவை துளிர்த்தபின் வெட்டுக. பசலையைத் திரைக்கென்று வைப்பது எனக்கு உசிதமாய்த் தோன்றவில்லை. கீரைக்குக் கை நீளுந்தோறும் திரையில் பொத்தல் விழும். நிழல் முகப்பிற்கு வெற்றிலைக்கொடி ஏற்றது. கடற்கரையோரத்து உப்புக்காற்றைக் காகிதப்பூ தாங்கும். முள்ளுடையதாதலால் குழந்தைகளுள்ள வீட்டில் கைக்கெட்டாமல் கட்டவேண்டும்.

கீழ்வீட்டார் உலர்த்திய துணியில் செம்மண் நீர் சொட்டினால் திரையைக் காட்டிலும் மனத்தாங்கலே நீடிக்கும். தொட்டியடியில் தட்டு வைத்து, அதில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு அத்தகைய நீரில்தான் பெருகுகிறது. ஐப்பசி மழை பிடிக்குமுன் உதிர்ந்த சருகுகளை அள்ளி, நீர் போகும் துவாரத்தைத் திறந்து வைத்தல் அவசியம்.