சுழலும் சக்கரம், நகராத வண்டி

நுழையும்முன்

வண்டி ஓடுவதற்குச் சக்கரம் சுழல வேண்டும். ஆனால், சக்கரம் சுழன்றும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுண்டு. இதனைச் சிலர் விளையாட்டாகவே செய்கின்றனர். அவ்விளையாட்டில் மறைந்துள்ள அறிவியலையும் ஆபத்தையும் அறிவோம்.

ரஞ்சன்காவ், புனேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர். அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றாகிய மகாகணபதி கோயில் இவ்வூரின் பெருமை. இங்குள்ள பெரிய தொழிற்பேட்டையில் ஃபியட், டாட்டா மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டு ஆலை அமைந்துள்ளது. 2009ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லீனியா, புன்டோ ஆகிய கார்கள் இவ்வாலையில் உருவானவை. இரண்டும் முன்சக்கர இயக்கக் கார்கள்.

தொழிற்பேட்டைச் சாலைகள் அகலமானவை. விடுமுறை நாளில் லாரிகளின் வரத்துக் குறைந்துவிடும். அத்தகைய வெறிச்சோடிய சாலையைக் கண்டால், புதிதாகக் கார் ஓட்டப் பழகிய இளைஞர் சிலருக்குச் சாகச ஆசை பிறக்கிறது. சக்கரத்தைச் சுழற்றிப் புகை எழுப்பும் 'பர்ன்அவுட்' அச்சாகசங்களுள் ஒன்று. அண்ணன் காரில் அமர்ந்திருக்க, தம்பி முன்னே நின்று கைப்பேசியில் படம் பிடிக்கிறான். அவன் நிற்கும் இடமே பேராபத்தான இடம் என்பதை இருவரும் அறிவதில்லை.

இழுக்கும் சக்கரங்கள்

மாட்டு வண்டியை மாடு முன்னே சென்று இழுக்கிறது. தள்ளுவண்டியை மனிதர் பின்னே நின்று தள்ளுகிறார். கார்களிலும் இவ்விரு முறைகளும் உண்டு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகியவை பின்சக்கர இயக்கக் கார்கள். அவற்றில் எஞ்சின் முன்புறம் இருக்கும். அதன் விசை ஒரு நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களைச் சென்றடையும்.

1964ஆம் ஆண்டில் ஃபியட் நிறுவனத்தின் பொறியாளர் தாந்தே ஜியாகோசா, எஞ்சினைக் குறுக்காக வைத்து, அதன் முனையில் கியர் பெட்டியை இணைத்து, முன்சக்கரங்களையே இயக்கும் அமைப்பைப் 'பிரிமுலா' என்னும் காரில் அமைத்துக் காட்டினார். இன்றைய சிறிய கார்களுள் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. இந்தியாவில் 1983ஆம் ஆண்டில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கத்தைப் பல குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது.

இவ்வகைக் கார்களில் முன்சக்கரங்கள் மூன்று பணிகளைச் செய்கின்றன. வண்டியை இழுப்பது முதற்பணி. திசை திருப்புவது இரண்டாம் பணி. பிரேக்கை மிதிக்கும்போது வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கு ஏற்பது மூன்றாம் பணி.

பிடிப்பும் வழுக்கலும்

நாம் நடக்கும்போது பாதம் தரையில் ஊன்றி நிற்பதனால்தான் உடல் முன்னே செல்கிறது. ஈரத்தரையில் பாதம் வழுக்கினால் நடக்க முடிவதில்லை. சக்கரத்திற்கும் இதுவே விதி. ஓடும் காரின் டயர் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகிறது. அப்பகுதி தொட்ட கணத்தில் தரையை விட்டு வழுக்காமல் நிற்கிறது. அங்குச் செயற்படுவது நிலை உராய்வு.

சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்றால் டயர் தரைமீது வழுக்கித் தேய்கிறது. அப்போது செயற்படுவது இயக்க உராய்வு. இது நிலை உராய்வைவிடக் குறைவு. மேலும், வழுக்கும் டயர் தன் பிடிப்பையெல்லாம் வழுக்கலிலேயே செலவிட்டுவிடுகிறது. வண்டியைத் திருப்பப் போதிய பிடிப்பு எஞ்சுவதில்லை.

கரும்பு ஏற்றிய டிராக்டர் சேற்றில் சிக்கிக்கொள்வதைக் கிராமப்புறங்களில் காணலாம். விசையைக் கூட்டக் கூட்டச் சக்கரம் மேலும் சுழன்று பள்ளம் பறிக்குமே அன்றி, வண்டி நகராது. அனுபவம் மிக்க ஓட்டுநர் விசையைக் குறைத்து, சக்கரத்தின் அடியில் கல்லையோ சாக்கையோ இடுவார். வண்டியை நகர்த்துவது சுழற்சி அன்று, பிடிப்பே என்பதை அவர் அறிவார்.

புகை எழுவது எவ்வாறு?

முன்சக்கர இயக்கக் காரில் கைப்பிரேக் பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துகிறது. எஞ்சினோ முன்சக்கரங்களை வேகமாகச் சுழற்றுகிறது. கார் நிற்க, வேகமானியின் முள் மட்டும் 60ஐக் காட்டக்கூடும். தேய்மானத்தால் டயர் கடுமையாகச் சூடேறுகிறது. ரப்பரும் அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்களும் சிதைந்து வெண்புகையாக எழுகின்றன.

இவ்வழக்கம் குறுந்தொலைவுக் கார்ப் பந்தயங்களிலிருந்து வந்தது. அங்கு வீரர்கள் புறப்படுவதற்கு முன் டயரைச் சூடேற்றுவர். சூடேறிய ரப்பர் மென்மையாகித் தரையை நன்கு பற்றும். பந்தயத்தில் அதற்கு ஒரு பயன் உண்டு. தெருவில் எப்பயனும் இல்லை.

ஆபத்துகள்

முதல் ஆபத்து, வண்டி திடீரெனப் பாய்வது. வழுக்கிக்கொண்டிருக்கும் டயர் மணலற்ற தார்ப்பரப்பைத் தொட்டாலோ, ஓட்டுநர் விசையைச் சற்றுக் குறைத்தாலோ, பிடிப்பு மீளக்கூடும். நிறுத்தி வைத்த வண்டி நகராமல் இருப்பதற்காக அமைந்தது கைப்பிரேக். எஞ்சினின் முழு விசையையும் தாங்குவது அதன் பணி அன்று. அது தோற்றால் கார் முன்னோக்கிப் பாயும்.

அப்பாய்ச்சலின் வேகம் நொடிக்கு நொடி 4 மீட்டர் கூடுவதாகக் கொள்வோம். கார் முதல் நொடியில் 2 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு உடலை அசைக்கவே மனிதருக்கு ஏறத்தாழ ஒரு நொடி தேவை. ஆகவே, 2 மீட்டர் முன்னே நின்று படம் பிடிப்பவர் விலகுவதற்கு வாய்ப்பே இல்லை.

இரண்டாம் ஆபத்து, கட்டுப்பாடு இழப்பது. பின்சக்கர இயக்கக் காரில் பின்சக்கரங்கள் வழுக்கும்போது, திருப்பும் பணியைச் செய்ய முன்சக்கரங்களாவது எஞ்சியிருக்கும். முன்சக்கர இயக்கக் காரிலோ இழுக்கும் சக்கரங்களே திருப்பும் சக்கரங்கள். அவை வழுக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் சொற்படி கேளாது.

மூன்றாம் ஆபத்து, வண்டி பழுதாவது. சூடேறிய டயர் வெடிக்கலாம். கிளட்ச் தகடு கருகலாம். பிடிப்பு திடீரென மீளும்போது ஏற்படும் அதிர்ச்சியால் சக்கரத்தை இயக்கும் தண்டும் அதன் இணைப்பும் முறியலாம். காரின் அடியில் உலர்ந்த புல் இருந்தால் தீப்பற்றவும் கூடும்.

சட்டமும் களமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து விளையுமாறு வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதன்முறை இக்குற்றம் புரிந்தவருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே திருத்தம் கொணர்ந்த 199அ பிரிவு பெற்றோர்க்கு உரியது. 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. அச்சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

வேக விருப்பம் குற்றமன்று. அதற்குரிய களம் வேறு. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு முதல் பந்தயத்தடம் உள்ளது. அத்தகைய தடங்களில் தலைக்கவசமும் தடுப்புச் சுவர்களும் தீயணைப்போரும் மருத்துவ ஊர்தியும் உண்டு. பார்வையாளர் எவரும் வண்டியின் முன்னே நிற்பதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் இத்தகைய தடங்களில் முறையாகப் பயின்றே, 2005ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார்.

புகை சில நொடிகளில் கலைந்துவிடும். படமும் சில நாள்களில் மறந்துபோகும். ஆனால், அண்ணனின் காரின் முன்னே நின்ற தம்பிக்கு நேரும் தீங்கு அவ்வீட்டை விட்டு அகலாது. படம் பிடிக்க அழைக்கும்போது, "வேண்டாம் அண்ணா" என்று மறுத்து விலகி நிற்பதும் வீரமே.

சொல்லும் பொருளும்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்வதால் எழும் எதிர்ப்பு
வேகமானி – வண்டியின் வேகத்தைக் காட்டும் கருவி
தண்டம் – அபராதம்
களம் – போட்டி நிகழும் இடம்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அவ்விளையாட்டு, அப்பாய்ச்சல், இவ்வாலை.
2. முன்சக்கர இயக்கக் காரின் முன்சக்கரங்கள் செய்யும் மூன்று பணிகள் யாவை?
3. சேற்றில் சிக்கிய டிராக்டரின் சக்கரத்தின் அடியில் சாக்கு இடுவது ஏன்? காரணம் எழுதுக.
4. பர்ன்அவுட் செய்யும் காரின் முன்னே நிற்பது பேராபத்தானது என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
5. உம் நண்பன் தன் அண்ணனின் சாகசத்தைப் படம் பிடிக்கச் செல்கிறான். அவனைத் தடுக்கும் வகையில் ஐந்து வரிகளில் உரையாடல் எழுதுக.