அணைந்த எக்ஸில் அணையாத மரபணுக்கள்

‘பெண்ணின் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முடங்கிவிடும் என்று படித்தோம். அப்படியானால் ஒரே ஒரு எக்ஸோடு பிறக்கும் பெண்ணுக்கு எந்தக் குறையும் வரக் கூடாதே? டர்னர் நோய்க்குறி எதனால் வருகிறது?’ கல்லூரி மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பாடப்புத்தகம் ஒரே வரியில் கடந்துபோகும் இடத்தில் நின்று கேட்ட கேள்வி இது.

கேள்வியை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். எக்ஸ்எக்ஸ்ஒய் என்ற அமைப்போடு ஆண் குழந்தைகளும் பிறக்கிறார்கள். கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி என்று பெயர். அவர்களுடைய கூடுதல் எக்ஸும் முடங்கித்தான் கிடக்கிறது. முடங்கிக் கிடப்பது ஒன்றும் செய்யாது என்றால், அவர்கள் சராசரியைவிட உயரமாக வளர்வதும், விந்தணு உற்பத்தி குன்றுவதும் ஏன்? முடங்கிய எக்ஸ் முழுதாக முடங்குவதில்லை என்பதுதான் இரண்டுக்கும் விடை.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1949இல் கனடாவில் முர்ரே பாரும் எவர்ட் பெர்ட்ராமும் பெண் பூனைகளின் நரம்புச் செல்களில் மட்டும் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள். அந்தப் புள்ளி ஒடுங்கிய எக்ஸ் என்பது பின்னால் தெரிந்தது. 1961இல் மேரி லயன், எலிகளின் ரோம நிறத்தைக் கவனித்து, ஒரு எக்ஸ் அணைக்கப்படுகிறது என்றார். 1979இல் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்ற நொதியின் மரபணு அந்த அணைப்புக்கு அடங்கவில்லை என்று தெரிந்தது. ஆண் பிள்ளைகளின் தோல் மீன் செதில்போல உரியும் ஒரு பரம்பரை நோய், இதே மரபணு கெடுவதால் வருவது. 2005இல் காரலும் வில்லார்டும் எக்ஸின் மரபணுக்களை வரிசையாகச் சோதித்தார்கள். சுமார் 15 சதவீதம் அடங்குவதே இல்லை; மேலும் 10 சதவீதம் சில பெண்களிடம் அடங்கி, சிலரிடம் அடங்காமல் இருக்கின்றன.

அணைப்பு நடக்கும் விதம்தான் எனக்கு அலுக்காத பகுதி. எக்ஸிஸ்ட் என்ற மரபணு சுமார் 17,000 எழுத்து நீள ஆர்என்ஏவைத் தயாரிக்கிறது. அதிலிருந்து புரதம் எதுவும் உருவாவதில்லை. தான் பிறந்த குரோமோசோமைவிட்டு விலகாமல், அதன் மேலேயே படர்ந்து மூடிக்கொள்கிறது. பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு எக்ஸைத் தொடுவதில்லை. பிறகு ஸ்பென் என்ற புரதத்தை இழுத்து வருகிறது. அதன் பின்னால் வரும் நொதிகள், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ‘இந்த மரபணுவைப் படிக்கலாம்’ என்பதற்கான வேதிக் குறிகளைச் சுரண்டி எடுக்கின்றன. கடைசியில் குரோமோசோம் முழுவதும் சுருண்டு உட்கருவின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது.

மின்வெட்டு நேரத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மெயின் போய்விட்டது, ஆனால் ஹாலில் ஒரு விசிறியும் சமையலறையில் ஒரு விளக்கும் ஓடுகின்றன, அவை இன்வெர்ட்டர் லைனில் இருப்பதால். அணையாத மரபணுக்கள் அந்த பாயின்ட்டுகள். வெளிச்சம் கொஞ்சம் மங்கல்தான்: முடங்கிய எக்ஸிலிருந்து வரும் உற்பத்தி, மற்ற எக்ஸில் நடப்பதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்கு வீடு பாயின்ட் மாறும். அதே வீட்டிலும் ஒரு அறையில் எரிவது இன்னொரு அறையில் எரியாது. ஈரலில் அணைந்த மரபணு தோலில் விழித்திருக்கலாம். எலி வீட்டிலோ இன்வெர்ட்டரில் மிகச் சில பாயின்ட்டுகளே உண்டு. அதனால்தான் ஒற்றை எக்ஸ் எலி கிட்டத்தட்ட இயல்பாக வளர்ந்து குட்டியும் போடுகிறது.

எந்த பாயின்ட்டுக்கு இணைப்பு என்பதை முடிவு செய்தது யார்? பெரும்பாலும் ஒய் குரோமோசோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் எக்ஸும் ஒய்யும் சாதாரண ஜோடியாக இருந்தன. ஒய் தன் மரபணுக்களை ஒவ்வொன்றாக இழந்தபோது ஆணிடம் ஒரு பிரதி மட்டும் மிஞ்சியது. பெண்ணின் இரண்டாவதை அணைத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் ஒய் இன்றுவரை வைத்திருக்கும் மரபணுக்களில் ஆணிடமும் இரண்டு பிரதி வேலை செய்கிறது. அங்கே பெண்ணின் ஒன்றை அணைத்தால் அவளுக்குத்தான் பற்றாக்குறை. எலும்பு வளர்ச்சிக்கான ஷாக்ஸ் மரபணு எக்ஸின் நுனியிலும் ஒய்யின் நுனியிலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆண், பெண் எல்லோருக்கும் இரண்டு. டர்னர் பெண்ணுக்கு ஒன்று. சிகிச்சை இல்லாவிட்டால் அவர் உயரம் சராசரியைவிட சுமார் 20 சென்டிமீட்டர் குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கிளைன்ஃபெல்டர் ஆணுக்கு மூன்று. அவர் உயரம் கூடுகிறது.

இந்தக் கணக்குக்கு உட்படாத ஒரு மரபணு இப்போது செய்திகளில் அதிகம் அடிபடுகிறது: டிஎல்ஆர்7. வைரஸ் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் எதிர்ப்புச் சக்திப் புரதம் இதிலிருந்துதான் வருகிறது. ஒய்யில் இதற்கு ஜோடி கிடையாது. ஆனாலும் பெண்களின் எதிர்ப்புச் செல்களில் ஒரு பகுதியில் இரண்டு பிரதிகளும் ஓடுகின்றன என்று 2018இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிளைன்ஃபெல்டர் ஆண்களிடமும் அப்படியே. எதிர்ப்புச் சக்தியே சொந்த உடலைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதோடு இதைச் சேர்த்து, ‘பெண்களின் நோய்க்கு மரபணு சிக்கியது’ என்று தலைப்புப் போடுகிறார்கள்.

அந்தத் தலைப்பை நான் ஏற்கவில்லை. டிஎல்ஆர்7 இரட்டையாக ஓடும் செல்கள் ஆரோக்கியமான பெண்களிடமும் இருக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதே இல்லை. ஹார்மோன்களின் பங்கும் கணக்கில் இருக்கிறது. எக்ஸிஸ்ட் ஆர்என்ஏவுக்கும் பங்கு இருக்கலாம்: 2024இல் ஆய்வாளர்கள் ஆண் எலிகளில் அதை மட்டும் உருவாக்கிப் பார்த்தார்கள், அது எந்த மரபணுவையும் அணைக்காதபடி மாற்றி. அந்த எலிகளுக்கு லூபஸ் போன்ற நோய் பெண் எலிகளுக்கு நிகராக வந்தது. அந்த ஆர்என்ஏவைச் சுற்றி ஒட்டியிருக்கும் புரதங்களையே உடல் அந்நியமாகப் பார்க்கிறது என்பது அவர்கள் கருத்து. ஆனால் நோய்க்கு எளிதில் ஆளாகும் இன எலிகளில், எரிச்சலூட்டும் எண்ணெயைச் செலுத்திய பிறகுதான் அது நடந்தது.