பார்க்க ஒரே கொசு, உள்ளே வேற கொசு: மலேரியாவின் குரோமோசோம் கணக்கு!

வடசென்னையில் தண்ணீரைப் பிடித்து வைக்காத வீடு அபூர்வம். ராயபுரம் சந்துகளில் பிளாஸ்டிக் டிரம், திருவொற்றியூர் மாடிகளில் சின்டெக்ஸ் டேங்க், எண்ணூர் பக்கம் கட்டிடம் எழும்பும் இடங்களில் சிமென்ட் தொட்டி. சாக்கடைதான் மலேரியாவுக்குக் காரணம்னு பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு மலேரியாவைப் பரப்பாது. நகரங்களில் அந்த வேலையைச் செய்வது அனோபிலஸ் ஸ்டீபன்சி. அது அதிகமாக முட்டையிடுவது, நாம் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் அந்தத் தெளிந்த தண்ணீரில்.

கொசுன்னா கொசுதானே, எந்தக் கொசுவா இருந்தா என்ன? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு அனோபிலஸ் கொசுக்களில் ஒன்று மலேரியாவைப் பரப்பும். இன்னொன்று பரப்பாமலே போகலாம். வித்தியாசம் குரோமோசோமில் ஒளிந்திருக்கிறது.

கொசுவுக்கு எத்தனை குரோமோசோம்?

மனிதனுக்கு 46. அனோபிலஸ் கொசுவுக்கு 6, அதாவது 3 ஜோடிதான். அதில் ஒரு ஜோடி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ், ஒய். கொசுப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும், ரத்தம் குடித்த பெண் கொசுவின் சூலகத்திலும் இந்தக் குரோமோசோம்கள் ராட்சத அளவில் தடித்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கடைப் பொருளில் இருக்கும் பார்கோடு மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தெரியும்.

இந்தப் பட்டைகளின் வரிசை சில கொசுக்களில் மாறியிருக்கும். சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர் என்று ஸ்டேஷன்கள் வரும். கொருக்குப்பேட்டை தாண்டியதும் திருவொற்றியூர், பிறகு வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, அப்புறம் விம்கோ நகர் என்று வந்தால்? ஸ்டேஷன் எதுவும் காணாமல் போகவில்லை. நடுவில் ஒரு பகுதி மட்டும் தலைகீழாகிவிட்டது. குரோமோசோமிலும் இப்படி நடக்கும். இதுதான் 'தலைகீழ் மாற்றம்'. இந்தப் பகுதிக்குள் இருக்கும் மரபணுக்கள் பிரியாமல், கூட்டாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். அதனால் ஒரு சூழலுக்குப் பொருந்தும் குணங்கள் மொத்தமாகத் தங்கிவிட வாய்ப்பு அதிகம்.

ராமேஸ்வரம் சொன்ன பாடம்

இது வெறும் ஆய்வகக் கதை இல்லை என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. கிராமப்புற மலேரியாவின் முக்கியக் கொசுவான அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ், உண்மையில் ஒரே தோற்றத்தில் உலவும் பல இனங்களின் கூட்டம். ஏ, பி, சி, டி என்று பட்டைகளை வைத்துப் பிரித்தார்கள். இதில் 'பி' மலேரியாவைப் பரப்புவதில் சோப்ளாங்கி என்று கருதப்பட்டது.

ராமேஸ்வரம் தீவில் பட்டைகளைப் பார்த்தால் 'பி' மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மலேரியா பரவியது. எப்படி? இந்திய மலேரியா ஆராய்ச்சியாளர்கள் ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். குரோமோசோமின் 'இடுப்பு' சிலவற்றில் ஒரு முனையில் இருந்தது. மற்றவற்றில் நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. உடம்பில் மலேரியா கிருமி இருந்த தாய்க் கொசுக்களின் மகன்கள் இந்த இரண்டாவது வகை. 1999-இல் அதற்கு 'இ' இனம் என்று பெயர் வந்தது. அதுவரை 'ஆபத்தில்லாதது' என்று கணக்கு வைத்திருந்த கூட்டத்துக்குள்ளேயே ஆபத்தான கொசு இருந்திருக்கிறது.

சென்னைக் கொசுவின் ஜாதகம்

ஸ்டீபன்சியிலும் உட்பிரிவுகள் உண்டு. முட்டையின் பக்கவாட்டு மிதவையில் உள்ள வரிகளை எண்ணி மூன்று வடிவங்களாகப் பிரிக்கிறார்கள். வரிகள் அதிகமுள்ள 'டைப்' வடிவம்தான் நகரங்களில் மலேரியாவைத் திறமையாகப் பரப்புவது.

2016-இல் சென்னையின் ஒரு கட்டுமான இடத்தில் பிடித்த இந்த 'டைப்' வடிவக் கொசுவின் வம்சத்தில் இருந்து முழு மரபணு வரைபடம் தயாரானது; 2022-இல் வெளியானது. இரண்டாவது குரோமோசோமில் சுமார் 1.65 கோடி டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி, வேறு ஆய்வக வகைகளில் தலைகீழாக இருந்தது. சென்னைக் கொசுவில் அது நேராக இருந்தது. பல ஊர்களின் 82 கொசுக்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் ஒரு பிரதி நேராகவும் மற்றொன்று தலைகீழாகவும் இருந்தன. பல ஊர்க் கொசுக்கள் மரபணுவில் சென்னைக் கொசுவோடு நெருங்கி நின்றன. நகரங்களுக்கு இடையிலான பயணமும் வியாபாரமும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

துறைமுகத்துக்கு ஏன் கவலை?

ஸ்டீபன்சி பயணம் போகும் கொசு. 2012-இல் ஆப்பிரிக்கத் துறைமுக நகரான ஜிபூட்டியில் தென்பட்டது. அந்த ஆண்டு அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-இல் 73,000-ஐத் தாண்டியது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில், அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. சரக்கும் ஆட்களும் ஓயாமல் வந்துபோகும் ராயபுரம் - எண்ணூர் பகுதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

எந்தக் கொசு என்று தெரிந்தால்தான் எங்கே அடிப்பது என்று தெரியும். கிராமத்தில் வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பது கியூலிசிஃபேசிஸுக்குப் பலன் தரலாம். ஸ்டீபன்சி இருக்கும் இடத்தில் மாநகராட்சி ஊழியர் ஏணி போட்டு மாடி டேங்கைப் பார்க்கணும். சாக்கடையில் மட்டும் மருந்து அடித்துவிட்டுப் போனால், மலேரியாக் கொசு மேலே நிம்மதியாகக் குடும்பம் நடத்தும்.

நீங்கள் செய்ய வேண்டியது

டேங்க் மூடி இடைவெளி இல்லாமல் பொருந்தணும். வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்க. டிரம், தொட்டிகளை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்க. புழு கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு நிறுத்தாமல் அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்க. 2030-க்குள் மலேரியாவை ஒழிக்கணும் என்பது இந்தியாவின் இலக்கு. குரோமோசோமை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள். டேங்க் மூடி நம்ம பொறுப்பு.