இரண்டு இழை, ஒரு தீக்குச்சி

ஈரோட்டில் எங்கள் ஜவுளிக் கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது இதைத்தான்: “ஏனுங்கண்ணா, இது சுத்தமான காட்டனுங்களா?” நான் வாயால் பதில் சொல்வதில்லை. துணியின் ஓரத்தில் இரண்டு இழை உருவி, ஒரு தட்டின் மேல் பிடித்துக் கொளுத்திக் காட்டுவேன்.

பருத்தி இழை சட்டென்று பற்றும். காகிதம் எரிகிற வாசனை வரும். ஊதினால் சாம்பல் பறந்துவிடும். பட்டு மெதுவாகக் கருகி, தலைமுடி தீய்ந்த நாற்றம் அடிக்கும். மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் முதலில் சுருங்கும், பிறகு உருகும். ஆறியதும் நுனியில் கடுகளவு மணி ஒன்று கெட்டியாக நிற்கும். நகத்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது உடையாது.

மூன்றுமே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்தான். பருத்தியில் இருப்பது செல்லுலோஸ்: வெயில், காற்று, நீர் கொண்டு செடி தயாரித்த சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்து நிற்கிறது. பட்டு, புழு நூற்ற புரதம். பாலியஸ்டரின் மூலப்பொருள் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் இந்தப் பாலியஸ்டரை உருவாக்கினார்கள். அதையே இழையாக இழுத்தால் சட்டைத்துணி. அச்சில் ஊதினால் தண்ணீர் பாட்டில். பாலியஸ்டர் சட்டை போட்டவர் உடுத்தியிருப்பது பிளாஸ்டிக்தான்.

எங்கள் ஊர் விசைத்தறிகளில் நிறைய ஓடும் ரேயான் இயற்கை இழைக்கும் செயற்கை இழைக்கும் நடுவில் நிற்கிறது. மரக்கூழின் செல்லுலோஸை காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு கொண்டு கரைத்து, மறுபடி இழையாக்குகிறார்கள். தீயில் அது பருத்தி மாதிரியே எரியும். அதைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். நனைத்து இழுத்தால் ரேயான் சுலபமாக அறுந்துவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

பழைய பருத்தி வேட்டியை ஈரமண்ணில் புதைத்தால் சில மாதங்களில் நைந்துபோகும். செல்லுலோஸை அறுக்கும் நொதிகள் மண்ணிலுள்ள பூஞ்சைகளிடமும் பாக்டீரியாக்களிடமும் காலங்காலமாக இருக்கின்றன. பாலியஸ்டர் பிறந்து நூறாண்டுகூட ஆகவில்லை. அந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா ஒன்றை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2016-இல் அறிவித்தார்கள். ஆனால் நம் குப்பைமேட்டில் பாலியஸ்டர் புடவை அப்படியே கிடக்கிறது. துவைக்கும்போதெல்லாம் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் சாக்கடை வழியே ஆற்றுக்கும் போகின்றன.

அதற்காக இயற்கை என்றாலே நல்லது, செயற்கை என்றாலே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் பருத்திப் பனியனுக்கு ஏற்றிய சாயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மழையில் பிடிக்கும் குடைக்கும், பிள்ளைகளின் புத்தகப் பைக்கும் செயற்கை இழை அளவுக்குப் பருத்தி உழைக்காது. மக்காத பொருளை நெடுநாள் உழைக்கும் வேலைக்கு வைத்துக்கொள்வதே முறை. நாலு தடவை கட்டிவிட்டு எறியும் மலிவுப் புடவைக்கு அதைப் பயன்படுத்துவது அநியாயம்.

கைக்குழந்தைக்கும் கோடைக்கும் பருத்தி எடுங்கள், வியர்வையை உறிஞ்சும். பாலியஸ்டர் எடுத்தால் கிழியும்வரை உடுத்துங்கள். கடையில் விலையைக் கேட்கும்போதே என்ன இழை என்றும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது எங்களைப் போன்ற வியாபாரிகளின் கடமை.