'செட்' ஆக நேரம் வேண்டாமா?

ஆங்கிலத்தில் 'செட்' என்பது மூன்றே எழுத்து வார்த்தை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நானே ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அசந்து போனேன்!

காலையில் எழ அலாரம் 'செட்' பண்ணுகிறோம். ஓட்டலில் 'செட் தோசை' என்றால் இரண்டோ மூன்றோ தோசை வரும். நகைக்கடையில் 'செட்' என்றால் நெக்லஸும் அதற்கேற்ற தோடும். வயலில் பம்ப் செட். சினிமாவில் அட்டையாலும் பலகையாலும் கட்டிய வீடு. பசங்க 'எங்க செட்டு' என்றால் கூடப் படித்த கூட்டாளிகள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்த வார்த்தைக்கு வினைச்சொல்லாக மட்டுமே 430 அர்த்தங்களாம்! என் பெண் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொன்னாள்.

ஆனால் சகோதரிகளே, இப்போது ஊரெல்லாம் அடிபடுவது 'செட் ஆகலை' என்பதுதான். சட்டைக்குச் சொன்னதை மனுஷருக்கும் சொல்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நடந்து இரண்டே மாதம். "மருமக எங்க வீட்டுக்கு செட் ஆகலை" என்று மாமியார் கோயிலில் வைத்துப் பத்துப் பேரிடம் சொல்கிறார். "இந்த வீடு எனக்கு செட் ஆகலைக்கா" என்று அந்தப் பெண்ணும் என்னிடம் கண் கலங்குகிறாள். குறை என்ன? குழம்பில் புளி தூக்கல், எழுந்திருப்பது ஆறரை மணிக்கு. இவ்வளவுதான்!

உறை ஊற்றிய பால் தயிராக ஆறேழு மணி நேரம் ஆகிறது. நடுவில் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் உறையுமா? சிமென்ட் பூச்சுக்கூட ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைத்தால்தான் பலமாக நிற்கும். இருபது வருஷத்துக்கு மேல் வேறு வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இரண்டு மாதம் போதுமா? அவள் மட்டும் மாற வேண்டும் என்பதும் நியாயமில்லை. புருஷனும் மாமியாரும் கொஞ்சம் இறங்கி வரணும்.

அடி, உதை, வரதட்சணைக் கொடுமை என்றால் அது வேறு விஷயம். அங்கே "பொறுத்துக்கோ, செட் ஆயிடும்" என்று சொல்வது பாவம். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

மற்றபடி புளிக்கும் உப்புக்கும் 'செட் ஆகலை' என்று தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாமே! என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகி, கும்பகோணம்.