பளபளன்னு இருந்தா அழகு... வழுக்கினா? பழைய படகின் 'ஸ்விம் ஸ்டெப்'பைப் புதுப்பிப்பது எப்படி?

ரீல்ஸ் பார்க்கும்போது இந்த மாதிரி வீடியோ உங்க கண்ணில் கண்டிப்பா பட்டிருக்கும். சாம்பல் பூத்து, அங்கங்கே கறுத்துப்போன ஒரு மரப்பலகை. அதன்மேல் பிரஷர் வாஷரால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் தங்க நிறம். 'செம சாட்டிஸ்ஃபையிங்'னு ஒரு ஹார்ட் போட்டுட்டு அடுத்த ரீலுக்குப் போயிடுவோம்.

ஆனா, அந்தப் பலகை தேக்கா இருந்தா, அந்தத் தண்ணீரோடு போனது அழுக்கு மட்டும் இல்லை. மரமும் சேர்ந்துதான் போனது. அதுவும் அது ஒரு படகின் படியா இருந்தா, ஈரக்காலோடு அதில் ஏறப்போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

சரி, படகுக்கு எதுக்குப் படி?

அமெரிக்கா, கனடாவில் ஏரிகளிலும் கடலோரங்களிலும் வார இறுதியைக் கழிக்கவே சொந்தமாகப் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அந்தப் படகுகளின் பின்பக்கச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வீட்டுத் திண்ணை மாதிரி ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்விம் ஸ்டெப். நீந்தக் குதிப்பது, நீந்திவிட்டு ஏணி பிடித்து ஏறுவது, காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது எல்லாமே அங்கேதான்.

1970, 80-களில் வந்த பல படகுகளில் இந்தப் படி தேக்கில் செய்யப்பட்டது. தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் பகுதிகளில் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிய படகுகளில் தேக்கை வாரி இறைத்திருப்பார்கள். வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் தண்ணீரில் சீக்கிரம் உளுத்துப்போகாது, பூச்சி அரிக்காது, நனைந்தாலும் காலுக்குப் பிடிமானம் கொடுக்கும். அது மட்டுமில்ல, ஆங்கிலத்தில் 'டீக்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம்ம பக்கத்துச் சொல்தான். மலையாளத் 'தேக்கு', போர்ச்சுகீசியர்கள் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

இப்போ அந்தப் படகுகளுக்கு 40, 50 வயது. படகு ஓடுகிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது. படி மட்டும் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். இதைப் புதுசாக்க என்ன செய்யலாம்?

சாம்பல் நிறம் ஒரு நோயே இல்லை!

முதலில் ஒரு விஷயம். தேக்கு சாம்பல் நிறமானால் அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழையும் அலையும் கழுவிக்கொண்டு போகின்றன. இது மேல்தோலில் மட்டும் நடக்கிற சமாச்சாரம். அந்த மெல்லிய படலத்துக்குக் கீழே மரம் அப்படியே இருக்கும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பலகையைக் கையால் தடவினால் சீப்புப் பல் மாதிரி மேடு பள்ளமாக இருக்கிறதா? மரத்தின் மென்மையான பகுதி அரித்துப்போய், கெட்டியான ரேகைகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவை மூடியிருந்த வட்ட மரத்தக்கைகள் விழுந்துவிட்டனவா? பலகை மேலே தேய்ந்து தேய்ந்து தக்கையின் கனம் குறைந்துவிட்டது. சிலாம்பு கிளம்பியிருக்கிறதா? அது வெறுங்காலில் ஏறும் இடம், ஞாபகம் இருக்கட்டும்.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்த மேடு பள்ளத்துக்குப் பெரும்பாலும் காரணம் வெயில் இல்லை, படகுக்காரரின் அக்கறைதான். வருஷா வருஷம் முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கெமிக்கல் ஊற்றி, பிரஷர் வாஷர் அடித்து, உப்புத்தாள் போட்டதன் விளைவு. பலகையே சுமார் ஓர் அங்குலக் கனம்தான். ஒவ்வொரு 'புதுப்பித்தலும்' அதில் கொஞ்சத்தைச் சுரண்டி எடுக்கிறது. ஆக, இந்த வேலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு பளபளப்பாக்கலாம்?' இல்லை. 'எவ்வளவு குறைவாகத் தேய்த்தால் போதும்?' என்பதுதான்.

மேலே பார்க்கும் முன் கீழே பாருங்க

பலரும் பலகையின் மேற்பரப்பைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். ஆனால், ஆள் ஏறும்போது முழு எடையையும் தாங்குவது கீழே இருக்கிற பிராக்கெட்டுகளும், அவற்றைப் படகின் பின்சுவரோடு பிணைக்கும் போல்ட்டுகளும்தான்.

பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள் பலவற்றில் இந்தப் பின்சுவருக்குள்ளே பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டையை அடைத்திருக்கும் சீலன்ட் காலப்போக்கில் காய்ந்து வெடித்தால், தண்ணீர் கசிந்து உள்ளே போய் பிளைவுட்டை ஊறவைத்துவிடும். வெளியே ஒரு குறையும் தெரியாது. உள்ளே மரம் கூழாகிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க நம்ம ஊர் முறையே போதும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே மாதிரி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் போல்ட்டைச் சுற்றித் தட்ட வேண்டும். 'டக் டக்'னு கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'பொத் பொத்'துனு அமுங்கிக் கேட்டால் பிரச்னை. போல்ட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கோடு இறங்கியிருந்தாலும் சந்தேகப்படலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். காற்றுப் படாமல் ஈரத்திலேயே அடைபட்டுக் கிடந்தால் அதுவும் அரிக்கும். போல்ட்டின் தலை பளிச்சென்று இருக்கும், ஓட்டைக்குள் இருக்கும் பாகம் இளைத்துப்போயிருக்கும்.

இந்தச் சோதனையில் கோளாறு தெரிந்தால் தேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். போல்ட்டை வெளியே எடுத்து, ஓட்டையைக் காயவிட்டு, கொஞ்சம் பெரிதாக்கி எபாக்சியால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு, நல்ல மரைன் சீலன்ட் வைத்து முடுக்குவதுதான் வழக்கமான சிகிச்சை. சுவரின் உள்மரமே பரவலாக ஊறிப்போயிருந்தால் அது படகுப் பட்டறைக்காரர் கையில் கொடுக்க வேண்டிய வேலை.

படியைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. கெமிக்கல் தண்ணீரில் கலக்காது, மீன்கள் பிழைக்கும், படகின் பெயின்ட்டும் தப்பிக்கும். குனிந்து வேலை செய்து முதுகு பிடிக்காது என்பது போனஸ்.

கழுவுவதில் இருக்கு சூட்சுமம்

முதல் முயற்சி எப்போதும் மென்மையாகவே இருக்கட்டும். பலகையை நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துப் பாருங்க. தேய்க்கும் திசை முக்கியம். மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தால் பிரஷ்ஷின் இழைகள் ரேகைகளுக்கு நடுவே இறங்கி, மென்மையான பகுதியை வாரிக்கொண்டு வந்துவிடும். அதனால் ரேகைக்குக் குறுக்கே, அழுத்தாமல் தேய்க்க வேண்டும்.

கறுப்புக் கறை போகலையா? அடுத்த கட்டம் ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த பிரைட்டனர். இரும்புக்கறைக்கும் சாம்பல் நிறத்துக்கும் நன்றாகக் கேட்கும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் இரண்டு பாட்டிலாக விற்கும் கிளீனர். முதல் பாட்டிலில் காரம், இரண்டாவதில் அதை முறிக்கும் அமிலம். பளிச்சென்று வெளுக்கும். ஆனால், மரத்தையும் அரிக்கும், அலுமினியப் பாகங்களையும் கறையாக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் எதையும் தொடாதீங்க. அமிலம் உள்ள கிளீனரோடு பிளீச்சை மட்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

உப்புத்தாள்: 120-ல் நிறுத்துங்க

மேடு பள்ளம் காலை உறுத்தும் அளவுக்கு இருந்தால் மட்டுமே உப்புத்தாள். 80-ஆம் நம்பரில் ஆரம்பித்து 120-ல் முடித்துவிடலாம். 'இன்னும் நைசா பண்ணலாமே'னு கை பரபரக்கும். வேண்டாம். இது சாப்பாட்டு மேஜை இல்லை. வழுவழுப்பு கூடக் கூட ஈரக்காலுக்குப் பிடிமானம் குறையும். எல்லாப் பள்ளமும் மறையும்வரை இழைக்கவும் தேவையில்லை. சிலாம்பு போய், கால் வைத்தால் உறுத்தாமல் இருந்தால் போதும்.

தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும், மூச்சுக்குழாயில் ஒவ்வாமையையும் உண்டாக்கும். மாஸ்க் கட்டாயம். விழுந்த தக்கைகளுக்குப் பதில் புதிய தேக்குத் தக்கைகளை, அவற்றின் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே திசையில் ஓடும்படி பசை வைத்துத் தட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவிவிடுவார்கள்.

எண்ணெயா, சீலரா, வார்னிஷா?

இங்கேதான் படகுக்காரர்களுக்குள்ளே பட்டிமன்றமே நடக்கும்.

வார்னிஷ்: கண்ணாடி மாதிரி ஜொலிக்கும். கைப்பிடிக்கும் கதவுக்கும் அருமை. கால் வைக்கும் படிக்குக் கூடாது. நனைந்தால் வழுக்கும். ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போய்த் தோல் உரிகிற மாதிரி உரியும்.

தேக்கு எண்ணெய்: பேர்தான் அப்படி. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் போன்றவற்றின் கலவை. பூசிய அன்று பிரமாதமாக இருக்கும். தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் சில வாரங்களிலேயே மங்க ஆரம்பித்துவிடும். பூஞ்சணத்துக்கு அது தீனியாகவும் ஆகலாம்.

சீலர்: எண்ணெயைவிட நாள்பட நிற்கும். பூசும் முன் மரம் நன்றாகக் காய வேண்டும். மேற்பரப்பின் எண்ணெய்ப்பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் பிடிக்கும். ஆண்டுதோறும் ஒரு கோட் போட வேண்டியிருக்கும்.

எதுவும் பூசாமல் விடுவது: ஆமா, இதுவும் ஒரு வழிதான். வெள்ளிச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டு, அவ்வப்போது உப்புத்தண்ணீரால் மென்மையாகக் கழுவுவது. செலவில்லை, வழுக்காது, மரமும் தேயாது. படகோடு பல வருஷம் பழகியவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

எண்ணெய் பூசினால் ஒரு எச்சரிக்கை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க. இந்த எண்ணெய்கள் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், தீக்குச்சியே இல்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்க. இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பி மூடிய உலோக டப்பாவில் போடுங்க.

'புதுசா வாங்கிட்டா என்ன?'

நியாயமான கேள்வி. உலகத்தின் மிகச் சிறந்த கப்பல் தேக்கு என்று பெயர் வாங்கியது பர்மா தேக்கு. காடு அழிவதைத் தடுக்க, 2014-ல் மியான்மர் அறுக்காத தேக்குத் தடிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. 2021-ல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, அந்நாட்டின் அரசு மரக்கழகத்தின் மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. மர விற்பனைப் பணம் ராணுவத்துக்குப் போகிறது என்பது காரணம். 2023-ல் சன்சீக்கர் என்ற பிரிட்டிஷ் சொகுசுப் படகு நிறுவனம், பர்மா தேக்கு உள்ளிட்ட மரங்களை முறையாக விசாரிக்காமல் இறக்குமதி செய்ததற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது.

தோட்டத் தேக்கு கிடைக்கிறது. ஃபைபர்கிளாஸ் படி, தேக்கு மாதிரியே தெரியும் பிளாஸ்டிக் பலகை, ஒட்டக்கூடிய ஃபோம் விரிப்பு என்று மாற்றுகளும் உண்டு. அடர்நிற பிளாஸ்டிக் பலகை வெயிலில் பாதத்தைச் சுடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளணும். எப்படிப் பார்த்தாலும், ஏற்கெனவே படகில் இருக்கும் பழைய தேக்குதான் புதிதாக ஒரு மரத்தையும் வெட்ட வைக்காத தேக்கு. அதைத் தேய்த்துத் தீர்க்காமல் காப்பாற்றுவது லாபம்.

புதுப் படியிலும் இருக்கும் பழைய ஆபத்து

படி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது அது உட்காரும் இடம் இல்லை. புகைக்குழாய் பெரும்பாலும் அதன் அருகில்தான் இருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில், ஒரு படகு வீட்டின் ஸ்விம் பிளாட்ஃபார்முக்கு அடியில் தேங்கியிருந்த இந்த வாயுவால் அண்ணன், தம்பி என இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு அமைப்புகள் இந்த ஆபத்தைத் தீவிரமாக ஆராய்ந்தன.

ஓடும் படகின் படியைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு அங்கே 'டீக் சர்ஃபிங்' என்றே பேர். தேக்குப் படியால் வந்த பேர்தான். புகையை நேராக முகத்தில் வாங்கிக்கொள்ளும் இந்த விளையாட்டைத் தடுக்க 2004-ல் கலிஃபோர்னியா சட்டமே கொண்டுவந்தது.

குளிர்காலம் முழுக்கக் கரையேற்றி வைத்த படகுகளை, மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வரும் மெமோரியல் டே விடுமுறையையொட்டி அமெரிக்கர்கள் தண்ணீரில் இறக்குவார்கள். அதற்கு முந்தைய வாரங்கள்தான் இந்தப் படிக்கு வைத்திய காலம். படகு இல்லாத நமக்கும் இதில் பயன் இருக்கு. மொட்டைமாடியில் கிடக்கும் தேக்கு பெஞ்ச், முற்றத்து ஊஞ்சல் பலகை, தாத்தாவின் சாய்வு நாற்காலி எதுவாக இருந்தாலும் முதலில் அடியில் இருக்கும் ஆணியையும் மூட்டையும் பாருங்க. பிறகு சோப்பு. கடைசியில், தேவைப்பட்டால் மட்டும், உப்புத்தாள். பிரஷர் வாஷரை வண்டி கழுவ வெச்சுக்கோங்க!