துரை பெயர் தெரியும், தாத்தா பெயர்?

பல்கலைக்கழகப் பாடத்திற்காகத் தோட்டத் துரை ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேட வேண்டியிருந்தது. பேராக், பத்து காஜாவில் கெல்லிஸ் கோட்டையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தேடல் சுலபமாகவே இருந்தது. 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் அந்தோணி. சொந்த மண்ணின் நினைவாகத் தோட்டத்திற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1915-இல் மாளிகை வேலை தொடங்கியது. 1926-இல் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். மாளிகை பாதியிலேயே நின்றது. இவ்வளவும் ஒரே மாலையில் கிடைத்தன.

அந்த மாளிகையைக் கட்ட மெட்ராசிலிருந்து சுமார் 70 தமிழர்கள் வந்தார்கள். ஸ்பானியக் காய்ச்சலில் பலர் இறந்தார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் ஸ்மித் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். கோயிலின் மேலே, சாமி சிலைகளோடு துரைக்கும் ஒரு சிலை உண்டு. மாளிகையைக் கட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட என் குறிப்பேட்டில் சேரவில்லை.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். அவரும் பால்மரம் வெட்டியவர்தான்.

“துரை குடும்பத்தைக் கண்டுபிடிச்சிட்ட. உன் தாத்தாவோட அப்பா பேர் என்ன, சொல்லு?”

எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். யார், எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த லயம். ஒன்பது பெயர்கள் கிடைத்தன. பத்தாவது பெயர் பாட்டிக்கே மறந்துவிட்டது. “கைக்குழந்தையா கப்பல்ல வந்த அத்தை” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். இந்த வார இறுதியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.